சொறியில் அழகு கண்டவர்

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறியைக் கண்டால் கால் படாமல் விலகிச் செல்வது நம்மவர் வழக்கம். பட்டால் அரிக்கும், வெயில் ஏறினால் உருக்குலைந்துவிடும். அத்தகைய நிலையற்ற உயிரிலே அழகைத் தேடி ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அறிஞர் எர்ணஸ்ட் ஹெக்கலின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

ஹெக்கல் 1834 பெப்ரவரி 16 ஆம் நாள் ஜேர்மனியின் பொட்ஸ்டாம் நகரிலே பிறந்தார். கற்றது வைத்தியம். எனினும் 1854 இல் ஆசிரியர் யொகானஸ் முல்லருடன் ஹெலிகோலாந்துத் தீவுக்குச் சென்றபோது கடலுயிர்கள் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. 1862 இல் யேனாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவ்வாண்டே உறவுப்பெண்ணான அன்னா சேதேயை மணந்தார். அந்த இல்வாழ்க்கை பதினெட்டு மாதமே நீடித்தது. ஹெக்கலின் முப்பதாவது பிறந்தநாளன்று அன்னா இறந்தார்.

துயரம் தாங்காது மத்தியதரைக் கடலோரம் சென்றவர், அங்கே ஒரு சொறியின் தொங்கும் இழைகளில் மனைவியின் பொன்னிறக் கூந்தலைக் கண்டார். அதற்கு அன்னாவின் பெயரையே சூட்டினார். 1867 இல் மறுமணம் புரிந்தார். ஆயினும் 1879 இல் வெளிவரத் தொடங்கிய சொறிகள் பற்றிய பெருநூலில் மற்றோர் இனத்துக்கு அன்னா சேதே என்ற முழுப்பெயரையும் இட்டார். விலங்கியல் ஏட்டிலே ஒரு கணவனின் கண்ணீர் இவ்வாறு பதிந்துள்ளதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கின்றது.

சொறியும் பவளமும் உருவில் வேறானவை. எனினும் இரண்டுக்கும் கொட்டும் உயிரணுக்கள் உண்டு. அவ்வகையில் அவை ஒரே குலத்தவை. முன்னது மிதந்து திரியும். பின்னது ஓரிடத்தில் நிலைத்து, பலவிடங்களில் முருகைக்கல் எழுப்பும். சீப்புச்சொறியோ எட்டு வரிசை நுண்ணிழைகளால் நீந்தும். கொட்டாது, பசையால் இரையைப் பிடிக்கும். ஹெக்கல் இவற்றையெல்லாம் நெருங்கிய உறவினராகக் கொண்டார். இன்றைய மரபணு ஆய்வுகள் சீப்புச்சொறியை மிகத் தொலைவில் நிறுத்துகின்றன.

1873 இல் செங்கடலிற் பவளங்களை ஆராய்ந்தவர், 1881 நவம்பரில் இலங்கை வந்தார். வெலிகமத் தங்குமடத்தையே ஆய்வுகூடமாக்கி, மீனவர் தோணிகளிற் சென்று கடலுயிர்களைச் சேகரித்தார். வெப்பத்தில் அவை விரைவில் அழிந்தன. அவர் சலியாது வரைந்தார். 1882 இல் ஊர் திரும்பியபின் யேனாவிற் கட்டிய இல்லத்துக்கும் மெடூசா என்று சொறியின் பெயரையே இட்டார். 1899 முதல் 1904 வரை வெளியிட்ட இயற்கையின் கலைவடிவங்கள் என்ற தொகுதியின் நூறு படங்களிலே சொறி, பவளம், சீப்புச்சொறி யாவும் இடம்பெற்றன. அன்னாவின் பெயர் தாங்கிய சொறியும் அவற்றுள் ஒன்று.

இவ்வளவு கூறிய நான் குறையை மறைப்பின் அது வரலாறாகாது. 1868 இல் வெளியிட்ட நூலில் நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றின் கருவுக்கும் ஒரே அச்சுப்படத்தைப் பயன்படுத்தினார். கண்டனம் எழுந்தபின் அதனை நீக்கினார். அதே நூலில் மனித இனங்களைப் படிக்கட்டில் அடுக்கி, ஐரோப்பியரை உச்சியில் வைத்தார். அக்கருத்துக்குப் பிற்காலத்திற் கேடு விளைவித்தோரிடையும் ஆதரவு கிடைத்தது. உருவத்தில் ஒழுங்கு காணும் வேட்கையே அவரை உயர்த்தியது. உண்மையை ஒழுங்குக்கு வளைக்கத் துணிந்தபோது அதுவே வழுக்கியும் விட்டது என்பது என் துணிபு.

1919 ஓகஸ்ட் 9 ஆம் நாள் தம் எண்பத்தைந்தாம் வயதில், அந்த மெடூசா இல்லத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. மாணவர்க்கு அவர் படங்களைக் காட்டும் ஆசிரியர், அவர் அமைத்த படிக்கட்டையும் மறைக்காமற் காட்டுவாராக. ஒரு சொறிக்கு அளித்த பொறுமையையும் கனிவையும் அவர் எல்லா மனிதர்க்கும் அளிக்கவில்லை. கற்போர் அதனையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.