தாஜ்மகாலில் பெயர் பொறித்தவர்

தில்லியிலிருந்து தாஜ்மகாலைக் காணச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் சலவைக்கல்லின் வெண்மையை வியந்து, படமும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வாயில் வளைவுகளைச் சுற்றி ஓடும் கறுப்பு எழுத்துக்களை நின்று பார்ப்பவர் குறைவு. அவை குர்ஆன் வசனங்கள். எழுதியவர் அமானத் கான்.

இயற்பெயர் அப்துல் ஹக். பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்தவர். ஜஹாங்கீர் காலத்தில் இந்தியா வந்தார். சிக்கந்தராவில் அக்பர் சமாதியின் வாயிலில் 1613-ல் அவர் எழுதிய எழுத்துக்கள் இன்றும் உள்ளன. 1632-ல் ஷாஜஹான் அவருக்கு அமானத் கான் என்ற பட்டம் அளித்தார்.

தாஜ்மகாலில் அவர் கையாண்டது துலுத் என்னும் எழுத்து முறை. நெடிய செங்குத்துக் கோடுகள்; அவற்றினூடே வளைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும் எழுத்துக்கள். நாணல் பேனா முனை வைக்கும் ஒரு புள்ளிதான் இக்கலைக்கு அளவுகோல். எந்த எழுத்து எத்தனை புள்ளி உயரம் என்பதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்குப் பிசகாமல், வெண்கல்லைக் குடைந்து கறுப்புக் கல்லை இழைத்தார்கள் கல்தச்சர்கள். அண்ணாந்து பார்ப்பவருக்கு மேல் வரிகள் சிறுத்துத் தெரியக்கூடாதே என்று, உயரப் போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். அரபி தெரியாத நமக்கும் இது கண்ணில் படும். சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

ஆயிரக்கணக்கானோர் உழைத்த அந்த மாளிகையில் தம் பெயரைப் பொறிக்க அனுமதி பெற்றவர் இவர் ஒருவரே. உட்புறத்தில் தம்மை எளிய பக்கிரி என்று குறிப்பிட்டு, 1638-39-க்கு உரிய ஹிஜ்ரி 1048-ஆம் ஆண்டையும் எழுதி வைத்தார்.

அதே 1639-ன் தொடக்கத்தில் லாகூரில் அவருடைய சகோதரர் அப்சல் கான் காலமானார். ஷாஜஹானின் பிரதம மந்திரியாக இருந்தவர் அவர். ஆக்ராவில் யமுனையின் அக்கரையில் உள்ள சீனி கா ரௌஸா அவருடைய சமாதிதான். இந்தத் துக்கத்தை அமானத் கானால் தாங்க முடியவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோதே அரசுப் பணியைத் துறந்தார்.

பிறகு ஆக்ரா - லாகூர் நெடுஞ்சாலையில், இன்றைய பஞ்சாபின் தரன் தாரன் மாவட்டத்தில், வழிப்போக்கர்களுக்காகத் தம் செலவில் ஒரு சத்திரம் கட்டினார். 1640-41-ல் அது முடிந்தது. அதன் வாயிலுக்கான எழுத்துக்களையும் அவரே எழுதினார். இம்முறை சலவைக்கல் அல்ல, வர்ண ஓடுகள். 1644-45-ல் காலமானார். சத்திரத்தின் அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவ்வூருக்குப் பெயர் இன்றும் சராய் அமானத் கான்.