பழைய பேப்பர் விலைக்குப் போன பறவைக் கணக்கு



ஏ.ஓ.ஹியூம் என்ற பெயரை நீங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவித்த வெள்ளைக்காரர் என்று ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு மறந்தும் இருப்பீர்கள். நானும் அப்படித்தான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலை நடையில் பறவை பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் அவருடைய இன்னொரு பக்கம் எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகும் நம் ஏழெட்டுப் பேருக்கும், சமையலறை ஜன்னலில் தேன்சிட்டைப் பார்த்துச் சந்தோஷப்படும் மற்றவர்களுக்கும் அவர் கதை பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829-இல் பிறந்தார். தந்தை ஜோசப் ஹியூம் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். மகன் 1849-இல் இந்தியாவுக்கு வந்து, வங்காள சிவில் சர்வீஸில் சேர்ந்தார். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் எட்டாவா மாவட்டத்தில் கலெக்டராக இருந்தபோது ஊர் ஊராக இலவசப் பள்ளிகள் திறந்தார். பறவைகளைச் சேகரிக்கவும் அங்கேதான் ஆரம்பித்தார். 1857 கிளர்ச்சியில் அந்த முதல் சேகரிப்பு முழுவதும் அழிந்தது. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் துப்பாக்கி. சுட்டு வீழ்த்தி, தோலைப் பதப்படுத்தி, காலில் சீட்டுக் கட்டி வைப்பார்கள். நம்மிடம் இருப்பதுபோல் பைனாகுலரும் செல்போன் கேமராவும் அவர்களிடம் கிடையாது. பிற்காலத்தில் ஹியூம் சைவ உணவுக்கு மாறினார், பறவைகளைக் கொல்வதையும் விட்டார். அது வேறு கதை.

1867 முதல் 1870 வரை அவர் உள்நாட்டுச் சுங்க ஆணையர். உப்பு வரிக்காக நாட்டின் குறுக்கே நீண்டு கிடந்த சுங்க எல்லை அவர் பொறுப்பில் இருந்தது. அலுவலகச் சுற்றுப்பயணம் போகிற இடமெல்லாம் பறவைக் குறிப்பும் எழுதினார். பிறகு வருவாய், விவசாயம், வணிகம் ஆகியவற்றைக் கவனிக்கும் துறைக்குச் செயலாளர் ஆனார். சிம்லாவில் ராத்னி காசில் என்ற பெரிய வீட்டை வாங்கி, அதில் பறவைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். 1873-இல் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கும், 1875-இல் லட்சத்தீவுகளுக்கும், 1881-இல் மணிப்பூருக்கும் பறவைகளைத் தேடிப் போனார்.

ஆனால் ஒரு மனிதர் எத்தனை இடத்துக்குத்தான் போக முடியும்? ஹியூமின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. நாடு முழுவதும் இருந்த பறவைப் பிரியர்களோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். ராணுவ அதிகாரி, வன அலுவலர், தோட்டத்துரை என்று பலரும் தங்கள் ஊரில் பார்த்ததை எழுதி அனுப்பினார்கள். விளையாட்டுக்காக வேட்டையாடப்படும் பறவைகளைப் பற்றி அவர் மார்ஷல் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தில் மட்டும் 200 பேருக்கு மேல் இப்படி உதவியிருக்கிறார்கள். வந்த செய்திகளை வெளியிடுவதற்காக 1872-இல் ஸ்ட்ரே ஃபெதர்ஸ் என்ற இதழைத் தொடங்கினார். உதிர்ந்த இறகுகள் என்று அந்தப் பெயரைச் சொல்லலாம். ஊட்டியில் வளர்ந்த டேவிசன் என்பவர் ஹியூமிடம் வேலை பார்த்தவர். அவர் நீலகிரி, வயநாடு பகுதிப் பறவைகளைப் பற்றி எழுதியதும் இதே இதழில்தான் வந்தது.

வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்கு இது உடனே புரிந்தது. ஒவ்வொரு கடிதமும் ஒரு வவுச்சர். எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்த்தது என்று மூன்றும் இருந்தால்தான் கணக்கில் ஏறும். சிம்லாவில் இருந்தது ஹெட் ஆபீஸ் லெட்ஜர்.

அரசை வெளிப்படையாக விமர்சித்ததால் 1879-இல் ஹியூமின் செயலாளர் பதவி பறிபோனது. 1882-இல் வேலையை விட்டார். இனி வாழ்நாள் முழுவதும் சேர்த்ததைத் தொகுத்து இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதுவது என்பது அவர் எண்ணம். கையெழுத்துப் பிரதியாகச் சுமார் 700 பறவை இனங்களின் வாழ்க்கைக் குறிப்புகள் ஏறக்குறைய தயாராக இருந்தன.

அவர் சிம்லாவில் இல்லாத ஒரு சமயம், வேலைக்காரர் ஒருவர் அருங்காட்சியகத்தை உடைத்து உள்ளே போய், அந்தக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார். பழைய பேப்பர் விலைக்கு எடைபோட்டு விற்றும்விட்டார். ஹியூம் திரும்பி வந்தபோது இருபத்தைந்து வருட உழைப்பு பொட்டலம் கட்டப் போயிருந்தது. வேறு பிரதி கிடையாது.

அதன் பிறகு அவருக்கு மனம் விட்டுப் போயிற்று. 1885-இல் தம் சேகரிப்பை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். தோலும் முட்டையுமாக 80,000-க்கும் மேல். தேவதாரு மரத்தில் 47 பெட்டிகள் செய்து மலையிலிருந்து இறக்கினார்கள். அதே வருடம் டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் முதல் கூட்டம், 72 பிரதிநிதிகளுடன் நடந்தது. பிறகு பல ஆண்டுகள் அவர் அதற்குப் பொதுச் செயலாளராக இருந்தார். 1894-இல் இங்கிலாந்து திரும்பியவர், வயதான காலத்தில் செடிகொடிகளில் மனதைச் செலுத்தி, 1910-இல் தெற்கு லண்டனில் ஒரு தாவரவியல் நிலையத்தைத் தொடங்கினார். 1912-இல் காலமானார்.

இப்போது நீங்கள் யோசித்துப் பாருங்கள். பூட்டி வைத்தது போயிற்று. இதழில் அச்சாகி ஊர் ஊராகப் போனது மட்டும் நின்றது. ஓர் உதாரணம் சொல்கிறேன். மத்திய இந்தியாவில் 1872-இல் கிடைத்த ஒரு சின்ன ஆந்தையை ஹியூம் அடுத்த வருடம் தம் இதழில் அறிவித்தார். ஃபாரஸ்ட் அவுலெட் என்று அதற்குப் பெயர். 1884-க்குப் பிறகு அது நம்பகமாக யார் கண்ணிலும் படவில்லை. 1914-இல் குஜராத்தில் கிடைத்ததாக ஒரு சீட்டு இருந்தது. அது திருட்டு மாதிரியில் ஒட்டிய பொய்ச் சீட்டு என்று பின்னாளில் தெரிந்தது. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பொய்யை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான பதிவுகள் சொன்ன பகுதிகளில் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. 113 வருடம் கழித்தும் ஒழுங்கான பதிவு செல்லுபடியாகியிருக்கிறது. ஒரு பொய்ப் பதிவு அத்தனை பேரையும் தவறான இடத்தில் அலைய வைத்திருக்கிறது.

என் சொந்த நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் பார்த்த பறவைகளை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஆறு வருடக் குறிப்பு. பம்ப் ரூம் பின்னால் ஆறுமணிக் குருவியை முதலில் பார்த்த தேதி அதில்தான் இருந்தது. போன போகிக்கு வீட்டை ஒழித்தபோது பழைய பாஸ்புக், வார இதழ்களோடு அந்த நோட்டையும் பேப்பர்காரரிடம் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஹியூமுக்காவது வேறொருவர் மேல் கோபப்பட இடமிருந்தது. எனக்கு அதுவும் இல்லை. இப்போது யாராவது அந்தக் குருவி நம் வளாகத்துக்கு எப்போது வரும் என்று கேட்டால், அக்டோபர் வாக்கில் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. முப்பத்தைந்து வருடம் கார்பன் பேப்பர் வைத்து எழுதியவன், சொந்த நோட்டுக்கு ஒரு நகல் எடுக்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு நீள நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, பார்த்தவர் என்று ஆறு கட்டம் போட்டிருக்கிறேன். செம்போத்தோ, மாங்குயிலோ, சாதாரண மைனாவோ, எதைப் பார்த்தாலும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதுங்கள், ஞாயிறு குழுவில் யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். பார்க்காததை மட்டும் எழுத வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதன் தொகுப்பு இந்த மடலில் வரும். அப்படி உங்கள் எல்லோரிடமும் ஒரு பிரதி இருக்கும்.

இன்னொன்று. பம்ப் ரூம் பின்னால் உதிரும் இலைகளை அக்டோபர் முழுவதும் பெருக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஆறுமணிக் குருவி அந்தச் சருகைக் கிளறித்தான் பூச்சி தின்னும். அந்தப் பக்கம் குப்பையாகத் தெரிந்தால் தயவுசெய்து புகார் எழுதாதீர்கள். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு அங்கே போய்க் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். பார்த்துவிட்டால் தேதியை மறக்காமல் நோட்டில் எழுதுங்கள்.