முன்சீப் வேதநாயகரும் ஞானாம்பாளும்

தமிழின் முதற் புதினம் எதுவென்று வினவினால், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்று நம் பள்ளிச் சிறுமியரும் தயங்காது விடையிறுப்பர். ஆனால் அதை இயற்றியவர் பகலெல்லாம் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதிய முன்சீப் என்பதை நம்மிற் பலர் அறியோம். விழுப்புரத்தில் ரயிலேறித் தஞ்சைக்குச் செல்லும் திண்டிவனத்துத் தோழியர் மயிலாடுதுறை நிலையத்தைக் கடப்பார்களன்றோ? 1982 வரை மாயூரம் என வழங்கிய அவ்வூரே மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெயரோடு நிலைத்துவிட்டது.

1826-ஆம் ஆண்டு திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் என்னும் கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857-இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். பின்னர் சீர்காழி, அதன்பின் மாயூரம். ஆங்கிலத்தில் நடக்கும் வழக்கு, வழக்காடும் ஏழைக்கே விளங்காதிருந்தது அவர் நெஞ்சை உறுத்தியது. 1805 முதல் 1861 வரையிலான மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் தந்தார். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அந்த உறுத்தல் நீங்கவில்லை போலும். 1879-இல் வெளிவந்த புதினத்தில், தமிழ்நாட்டில் வழக்குகள் தமிழிலேயே நடக்க வேண்டும் என்று கதையை நிறுத்திவைத்து வாதாடுகிறார். கதை கேட்க வந்தவருக்கு இது சற்று நீளந்தான். நாமும் சில பக்கங்களை விரைந்து புரட்டினோம்!

தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) தம் பொருளை வாரி வழங்கிப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்டு நெகிழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய நெருங்கிய நண்பர். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடிய கிறித்தவரை எல்லாச் சமயத்தாரும் தம்மவராகவே கொண்டாடியதில் வியப்பில்லை.

நமக்கு மிகவும் நெருக்கமானவள் ஞானாம்பாள். 1869-லேயே பெண்களுக்கென ‘பெண்மதி மாலை’ எழுதிய கை அவளைப் படைத்தது. கதாநாயகன் பிரதாபன் செல்வச் செருக்கில் வளர்ந்த பிள்ளை. அவனைவிட அவளே அறிவிற் சிறந்தவள். விக்கிரமபுரியில் அவன் சிறைப்பட, அவள் ஆணுடையில் அரசுக் கட்டிலேறி, நீதி வழங்கி, கணவனையும் மீட்கிறாள். அவள் தீர்ப்புகளில் மாயூரம் முன்சீப்பின் குரலே கேட்கிறது. தாம் அமர்ந்த இருக்கையில் ஒரு பெண்ணை அமர்த்திப் பார்க்க அவர் விரும்பியிருக்கிறார் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் அவளுக்கு ஏன் ஆண்வேடம்? அக்காலத்தில் கதையில்கூட ஒரு பெண் சேலையுடுத்தித் தீர்ப்புச் சொன்னால் ஊரார் நகைத்திருப்பர். ஆட்சி முடிந்ததும் அவள் வீடு திரும்பிவிடுகிறாள். அது நமக்குக் குறையாகவே படுகிறது.

வேதநாயகர் 1889-இல் மறைந்தார். அன்னா சாண்டி அம்மையார் திருவிதாங்கூரில் எவ்வேடமும் இன்றி முன்சீப்பாகப் பதவியேற்றது 1937-இல். ஞானாம்பாள் பிறந்து 58 ஆண்டுகளுக்குப் பின்.