செலினியம் கண்ட பெர்சீலியசு

பொருள்களை நிறுத்து அளந்து, அவற்றின் இயல்பை உலகிற்கு உணர்த்திய வேதியியல் அறிஞருள் தலைசிறந்தவர் பெர்சீலியசு. இவர் 1779 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார்; சில ஆண்டுகளில் தாயும் மறைந்தார். பிறர் ஆதரவில் வளர்ந்த இவர், மாணவப் பருவத்திலேயே பாடஞ்சொல்லிப் பொருளீட்டினார். உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1802 இல் பட்டம் பெற்றார். ஆயினும், அவர் உள்ளம் வேதியியலையே நாடிற்று.

தனிமங்கள் எவ்வெவ்வளவிற் கூடுகின்றன என்பதை அறிய, ஏறத்தாழ 2,000 சேர்மங்களை அவர் ஆராய்ந்தார். தனிமங்களை எழுத்துகளாற் குறிக்கும் முறையை வகுத்தவரும் அவரே. இன்று மாணவர் கற்பது அம்முறையே ஆகும்.

1817 இல், கந்தக அமிலம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் செந்நிற வண்டல் படிந்திருக்கக் கண்டார். அதில் டெல்லூரியம் உளதென முதலில் எண்ணினார். ஐயம் தோன்றவே, மீண்டும் ஆராய்ந்தார். அது புதிய தனிமம் எனத் தெளிந்தார். டெல்லூரியம் நிலவுலகின் பெயரைப் பெற்றிருந்தமையால், இதற்குத் திங்களின் கிரேக்கப் பெயரால் செலினியம் எனப் பெயரிட்டார். 1848 இல் அவர் புகழுடம்பு எய்தினார்.

செலினியம் கொடிய நஞ்சு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1930 ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவில் செலினியம் மிக்க நிலத்துப் பயிரைத் தின்ற கால்நடைகள் மயிரும் குளம்பும் இழந்து நலிந்தமை அறியப்பட்டது. ஆனால் 1957 இல், கிளாசு சுவார்த்சு என்னும் அறிஞர், மிகச் சிறிதளவு செலினியம் எலிகளின் ஈரலைக் காப்பதைக் கண்டார்.

பன்றிகளின் நிலையும் அத்தகையதே. செலினியமும் உயிர்ச்சத்து ஈயும் குறைந்த தீவனத்தை உண்டு வளரும் பன்றிக்குட்டிகள், நோய்க்குறி ஏதுமின்றித் திடீரென மாண்டு வீழ்வதுண்டு. அவற்றின் நெஞ்சத் தசையிற் குருதி கசிந்து பரவ, நெஞ்சு முசுக்கட்டைப் பழம் போலத் தோன்றும். உடலின் உயிரணுக்களைச் சிதைவினின்று காக்கும் நொதி ஒன்றிற்குச் செலினியம் இன்றியமையாதது. ஆயிரம் கிலோ தீவனத்தில் ஒரு கிராமினும் குறைந்த செலினியமே இதற்குப் போதும். மண்ணில் இத்தனிமம் குறைந்த நாடுகளுள் பெர்சீலியசு பிறந்த சுவீடனும் ஒன்று என்பது வியப்பிற்குரியது.

அளவிற்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சாம். அளவறிந்து சேர்த்தால் நஞ்சும் அமுதாகும் என்பதைச் செலினியம் காட்டுகின்றது. அளவையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட பெருமகனார் கண்ட பொருள் இவ்வுண்மைக்குச் சான்றாதல் பொருத்தமேயன்றோ?