வயல்மீனுக்குப் பெயர் தந்த வைத்தியர்

மீன் என்ற அளவில் நம் நினைவுக்குச் சுறாவும் திருக்கையும் வருமேயன்றி, வயல்வாய்க்காலில் நெற்பயிரின் தாளிடையே ஒன்றரை அங்குல நீளமுமின்றித் திரியும் சிறு மீன் வருவதில்லை. வலையிற் பட்டாலும் செம்படவர் அதனை ஒரு பொருளாகக் கருதார். அத்தகைய மீனொன்றைத் தனியினமெனத் தெளிந்து, 1849-ஆம் ஆண்டில் அதற்குச் சாஸ்திரப் பெயர் வழங்கியவர் தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் என்னும் வைத்தியர். பறவை நூல் பயில்வோர்க்கு அவர் பெயர் புதிதன்று. வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்ப்போரும் அவரை அறிதல் தகும் என்னும் கருத்தால், அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

ஜெர்டன் 1811-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தின் டர்ஹம் பிரதேசத்திற் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையிற் பயிலுங்கால் ராபர்ட் ஜேம்ஸன் என்னும் ஆசிரியரிடம் இயற்கை நூல் கேட்டார். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் உதவி ஸர்ஜனாக நியமனம் பெற்று, அடுத்த ஆண்டு சென்னையில் வந்திறங்கினார். படை செல்லும் இடமெல்லாம் வைத்தியரும் செல்லவேண்டியிருந்தமையால், மலையும் காடும் ஏரியும் கழியும் அவருக்குப் பாடசாலைகளாயின. பகலில் நோயாளரைப் பார்த்தல், ஒழிந்த வேளையில் உயிரினங்களை ஆராய்தல் என அவர் வாழ்வு இருபாற்பட்டு நடந்தது.

தொடக்கத்திலேயே பெரியதோர் இடையூறு நேர்ந்தது. தாம் அரிதின் முயன்று சேர்த்த பறவைத் தோல்களை, இனம் பிரித்துப் பெயர் கூறுமாறு ஸ்காத்லாந்திலிருந்த ஜார்டின் என்னும் பேரறிஞருக்குக் கப்பலேற்றி அனுப்பினார். அவை அங்குச் சேர்வதற்குள் அந்துப்பூச்சிக்கு இரையாயின. பிறரெனின் அத்துடன் மனமுடைந்து கைவிட்டிருப்பர். ஜெர்டனோ, தொலைவிலுள்ளாரை நம்பியிருத்தலை விடுத்துத் தம் கண்ணையே துணையாகக் கொண்டார். தாமே இனம் பிரித்துத் தென்னிந்தியப் பறவைகளின் அட்டவணையொன்றை 1839-ஆம் ஆண்டு முதற்கொண்டு சென்னையில் நடைபெற்ற இலக்கிய சாஸ்திரப் பத்திரிகையில் வெளியிடலானார். அந்துப்பூச்சி அரித்தது தோல்களையேயன்றி அவர் ஊக்கத்தையன்று.

பின்னர் நெல்லூரில் வைத்தியராக இருந்தபோது, ஏனாதி மக்களிடம் பறவை விலங்குகளைப் பற்றிப் பல செய்திகளைக் கேட்டறிந்தார். காட்டை அறிந்தார் கல்லாதவரேயாயினும் அவரே ஆசிரியர் என்பது அவர் கொள்கை போலும். இந்நாட்டு ஓவியர் எழுதிய ஐம்பது படங்களுடன் பறவைச் சித்திர நூலொன்றை 1843 முதல் 1847 வரை சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தின் வாயிலாக வெளியிட்டார். தலைச்சேரியில் வேலை பார்த்தபோது எறும்புகளையும் ஆராய்ந்தார். குதித்துச் செல்லும் எறும்பொன்றை 1851-இல் முதன்முதல் வருணித்தவரும் அவரே.

இக்காலப் பகுதியிலேதான் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றுள் நம் வயல்மீனும் இடம்பெற்றது. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடைப்பட்ட நாட்டை அக்காலத்தார் கர்நாடகம் என்றனர். அந்நாட்டுப் பெயராலேயே கார்னாட்டிகஸ் என மீனுக்குப் பெயரிட்டார். நெற்றியில் வெள்ளிப்பொட்டுடைய மற்றொரு சிறு மீனும் நீரின் மேற்பரப்பிலேயே திரிவதால் இவ்விரண்டும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். வயல்மீனுக்கு அப்பொட்டு இல்லை. கண் பெரிது, உடல் ஒளி ஊடுருவுமாறு தெளிந்தது, அடித்துடுப்பு நீண்டது, முதுகுத்துடுப்பு வாலை நெருங்கிச் சிறிதாக நிற்கும். 1906-இல் இவ்வகை மீன்களுக்கு நெல்லின் பெயர் கொண்டு ஒரைசியாஸ் என்னும் பேரினம் வகுக்கப்பட்டது.

ஜெர்டன் தந்த பெயரும் இடர்ப்படாமற் போகவில்லை. பின்வந்தோர் இதனை வேறோர் இனத்தோடு சேர்த்தெண்ணினர். நூற்றாண்டுக்கு மேல் அவ்வாறே வழங்கிற்று. 1998-இல் டைசன் ராபர்ட்ஸ் என்பார் ஆசிய வயல்மீன்களை மீளவும் ஆராய்ந்து, ஜெர்டன் கண்ட இனம் தனித்ததே எனக் காட்டினார்.

பெயர் எதுவாயின் என்ன, மீன் மீன்தானே என்பார் உளர். தொட்டியில் வளர்த்துப் பார்ப்பார் அவ்வாறு கூறார். பெட்டை மீன் காலையில் ஈன்ற முட்டைகளைத் திராட்சைக் கொத்துப்போல நுண்ணிய நூலிழைகளால் தன் வயிற்றடியிலே தொங்கவிட்டுச் சில நாழிகை திரிந்து, பின்பு நீர்ச்செடியின் வேரில் தேய்த்து ஒட்டவைக்கும். அவ்வேரைப் பெயர்த்து வேறு பாத்திரத்தில் இட்டால், வெப்பமான நீரில் ஏறக்குறைய இரண்டு வாரத்திற்குள் குஞ்சுகள் வெளிப்படும். இடாவிடின் தாய் தந்தையரே அவற்றைத் தின்றுவிடுதலும் உண்டு. குஞ்சுகளுக்குப் பசுநீரிலுள்ள நுண்ணுயிர்களே முதலுணவு. இனம் அறியாது பல ஊர் மீன்களை ஒரே தொட்டியில் இடின், நெருங்கிய உறவுடையன தம்முட் கலத்தலும் கூடும். அங்ஙனம் பிறந்த குஞ்சுகளை யாரேனும் ஏரியில் விட்டால், அங்குத் தொன்றுதொட்டு வாழும் தூய இனம் அழிதற்கு இடமாகும். ஆதலின் மீன் பிடித்த ஊரையும் நாளையும் குறித்துவைத்தலும், ஒவ்வோர் ஊர் மீனையும் வெவ்வேறாக வளர்த்தலும், தொட்டி மீனை வெளிநீரில் விடாமையும் வளர்ப்போர் கடனாம்.

ஜெர்டனின் பெருநூலாகிய இந்தியப் பறவைகள் 1862 முதல் 1864 வரையிலும், பாலூட்டிகளைப் பற்றிய நூல் 1867-இலும் வெளிவந்தன. ஊர்வனவற்றையும் மீன்களையும் பற்றி அவ்வாறே எழுதி முடித்தல் அவர் நோக்கம். நோயுற்ற உடலோடு 1870-இல் தாயகம் திரும்பிய அவரை அந்நோக்கம் நிறைவேறுமுன் காலன் கவர்ந்தான். 1872-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள், அறுபதாம் வயதில் அவர் உயிர்நீத்தார். எழுதப்படாத அம்மீன் நூலின் குறையைப் பிரான்ஸிஸ் டே என்னும் மற்றொரு சென்னைப் படை வைத்தியர் 1875-ஆம் ஆண்டு தொடங்கித் தம் நூலால் நிரப்பினார்.

நெல்லூர்ப் பக்கத்து முட்காடுகளில் வாழ்ந்து ஜெர்டன் பெயரைத் தாங்கிய பறவையொன்று, 1900-க்குப்பின் எவர் கண்ணிலும் படாமல் மறைந்து, 1986-இல் கடப்பை ஜில்லாவில் மீண்டும் காணப்பட்டது. மீனின் பெயரும் அவ்வாறே மறைந்து மீண்டது. உண்மையாகக் கண்டு உள்ளவாறு எழுதிவைத்ததை உலகம் சிலகாலம் மறக்கலாம், முற்றும் இழந்துவிடுவதில்லை. நம் கல்லூரி மாணவரும், மழை பெய்தபின் வாய்க்காலருகே சற்றே குனிந்து நோக்குவாராயின், ஜெர்டன் கண்டதை அங்கே தாமும் காணக்கூடும். கண்டதைக் குறித்துவைப்பாராயின் அதுவே அவருக்குச் செய்யும் கைம்மாறாகும்.