மகேஷ் சந்திர பானர்ஜி - 'கிங்ஸ் இந்தியன்' பெயரில் இருக்கும் இந்தியர்

செஸ் ஆடுகிறவர்களுக்குக் 'கிங்ஸ் இந்தியன்' என்ற தொடக்கத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளை தன் சிப்பாய்களை நடுப்பலகைக்குக் கொண்டு போகும். கறுப்பு அதைத் தடுக்காமல், ராஜாவின் பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து, மந்திரி என்று நாம் சொல்லும் பிஷப்பை ஜி7 கட்டத்தில் உட்கார்த்தி வைத்து, ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். ஃபிஷரும் காஸ்பரோவும் விரும்பி ஆடியது. அந்தப் பெயரில் உள்ள இந்தியர் யார் என்று கேட்டால், நான் கேட்டவரை, பெரும்பாலும் ஆனந்த் என்றுதான் பதில் வருகிறது. ஆனந்த் பிறந்தது 1969-ல். 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் அச்சில் ஏறியது 1884-ல்.

அந்த இந்தியரின் பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. வங்காளத்துப் பிராமணர். வெள்ளைக்காரர்கள் தங்கள் காதில் விழுந்தபடி மொஹெஷ்சந்தர் என்றும் மொஹிஷந்தர் என்றும் எழுதினார்கள். வேறு சிலர் மகேசசந்திரா என்று சமஸ்கிருத வாசனையோடு எழுதினார்கள். கணினித் தொகுப்புகளில் தேடுகிறவர்கள் இத்தனை எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும்.

அவர் கதையை ஜான் காக்ரேன் இல்லாமல் சொல்ல முடியாது. 1798-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். முதலில் கடற்படை, பிறகு சட்டம். 1822-ல் செஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1824-ல் லண்டன் கிளப்புக்கும் எடின்பரோ கிளப்புக்கும் தபாலில் போட்டி நடந்தபோது லண்டன் அணியில் இருந்தார். அவர் யோசனைப்படி லண்டன் ஒரு தொடக்கத்தை ஆடியது. ஆட்டம் முடிவதற்குள் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அந்தத் தொடக்கத்தை எதிரணியான எடின்பரோ எடுத்துக்கொண்டு போட்டியையும் ஜெயித்தது. இன்று அதற்கு 'ஸ்காட்ச்' என்று பெயர். ஒருவர் யோசனை இன்னொருவர் பெயரில் போவது செஸ்ஸில் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்கத்தாவில் காக்ரேன் வக்கீலாக இருந்தார். இடையில் 1841 முதல் 1843 வரை இங்கிலாந்து போய் ஸ்டான்டனோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடித் திரும்பினார். பெரும்பாலும் தோல்விதான். ஆனால் ஸ்டான்டன் அப்போது உலகத்தின் முதல் வரிசையில் இருந்தவர். கல்கத்தாவில் காக்ரேனுக்குச் சமமாக உட்கார ஆள் இல்லை. 1848 வாக்கில் ஒரு செய்தி வந்தது: கல்கத்தாவுக்கு வெளியே, மொஃபசிலில், சதுரங்கத்தில் தோற்றதே இல்லை என்று பெயரெடுத்த ஒரு பிராமணர் இருக்கிறார். அவரை வரவழைத்து ஆடினார்கள். 1850-ல் லண்டன் செஸ் பத்திரிகை ஒன்றுக்குக் கல்கத்தாவிலிருந்து போன கடிதம், காக்ரேனோடு சரிசமமாக ஆடக்கூடிய ஒரே ஆள் என்று இவரைத்தான் குறிப்பிட்டது.

மகேஷ் சந்திரர் வளர்ந்த ஆட்டம் வேறு. நம் நாட்டுச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பியர் கோட்டை கட்டுவது போல நம்மிடம் கிடையாது. அதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாண்டலாம், அதுவும் அதற்கு முன் 'ஷா' வாங்கியிருக்கக்கூடாது. கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய், எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாக மாறும். இடத்துக்கு இடம் விதி கொஞ்சம் மாறும். என் தாத்தா திண்ணையில் ஆடியது கிட்டத்தட்ட இதுதான். பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக்கொண்டு வந்த 'இங்கிலீஷ் ஆட்டம்' அவருக்குப் பிடிக்கவில்லை, ரொம்ப அவசரம் என்பார்.

அந்த நிதானத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும் என்றால் நடுப்பலகையில் மோதல் உடனே வராது. ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அந்த இடுக்கில் மந்திரியை வைத்து, மூலைக்கு மூலை பார்க்க விடுவது அந்த ஆட்டத்தில் இயல்பான காரியம். அன்றைய ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்கோ நடுப்பலகையில் சிப்பாயை நிறுத்தாதவன் ஆடத் தெரியாதவன். மகேஷ் சந்திரர் ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொண்டார், பழைய பழக்கத்தை விடவில்லை. கிங்ஸ் இந்தியன் இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்தது என்பது என் எண்ணம்.

இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். அதிகம் ஜெயித்தது காக்ரேன்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1848-ல் ஓர் ஆட்டத்தில் காக்ரேன் நாலாவது நகர்த்தலிலேயே குதிரையைக் கொடுத்து எஃப்7 சிப்பாயை வெட்டினார். கறுப்பு ராஜா வெளியே வந்து நின்றது. அதற்கு இன்று 'காக்ரேன் கேம்பிட்' என்று பெயர். 1999-ல் லினாரஸில் டோபலோவ் அதைக் கிராம்னிக்குக்கு எதிராக ஆடிப் பார்த்தார், ஆட்டம் டிரா ஆனது. குதிரையைக் கொடுத்தவர் பெயர் நிலைத்துவிட்டது.

இன்னோர் ஆட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. காக்ரேன் வெள்ளை. சி, டி, ஈ, எஃப் வரிசைச் சிப்பாய்கள் நான்கையும் முன்னே தள்ளி ஒரு சுவர் எழுப்பினார். இன்று இதை 'நான்கு சிப்பாய்த் தாக்குதல்' என்கிறோம். மகேஷ் சந்திரர் ஜி7-ல் மந்திரி வைத்து, கோட்டை கட்டி, இன்னொரு மந்திரியை ஜி4-க்கு அனுப்பினார். காக்ரேன் தன் மந்திரியை டி3-ல் வைத்தார். இன்றைய ஆட்டக்காரர்கள் அங்கே வைக்கமாட்டார்கள், ஈ2-ல்தான் வைப்பார்கள். டி3-ல் நின்றால் ராணியின் பார்வை டி4 சிப்பாய்க்கு எட்டாமல் போகிறது. உடனே கறுப்பு ஈ5 என்று நடுவில் இடித்தது. பிறகு ஒரு குதிரையைக் கொடுத்து ஈ4 சிப்பாயை எடுத்தது. காக்ரேனின் குதிரை ஈ6-ல் வந்து நின்று ராணி, யானை, மந்திரி மூன்றையும் ஒரே சமயத்தில் மிரட்டியபோது, மகேஷ் சந்திரர் ராணியைக் காப்பாற்றவில்லை. சிப்பாயால் எஃப்3 குதிரையை வெட்டினார். காக்ரேன் ராணியை எடுத்தார், அதுதான் தப்பு. அந்தக் கறுப்புச் சிப்பாய் ஜி2-க்குள் நுழைந்ததும் ஹெச்1 யானை ஆபத்தில் இருந்தது. சிப்பாய் விலகிய வழியில் ஜி4 மந்திரியின் பார்வை நேராக வெள்ளை ராணி மேல் விழுந்தது. ராணிக்கு ராணி. கணக்குப் பார்த்தால் கறுப்புக்கு யானை போய்க் குதிரை மிஞ்சிய நஷ்டமும் ஒரு சிப்பாய் லாபமும். ஆனால் வெள்ளை ராஜா கோட்டை கட்டாமல் நடுவில் தவித்தது, இரண்டு கறுப்பு மந்திரிகளும் பலகையைக் குறுக்காக அறுத்தன. மகேஷ் சந்திரர் ஜெயித்தார். இன்றைய கண்ணுக்குக் கறுப்பின் தியாகங்கள் கொஞ்சம் சந்தேகமானவைதான். அதனால் என்ன?

இந்த ஆட்டத்தை நான் இங்கே பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது உண்டு. நான் இருக்கும் பிளாட் புஷ், ஆக்லாந்தின் தென்கிழக்குப் புறநகர். பண்ணை நிலமாக இருந்த இடம், இப்போது பேரி கர்டிஸ் பூங்காவைச் சுற்றி வீடுகளாக நிறைந்துவிட்டது. இந்தியர்களும் சீனர்களும் நிறையப் பேர். சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் பலகையை விரிப்பார்கள். பஞ்சாபிப் பையன் ஒருவன் கிங்ஸ் இந்தியன் தவிர வேறு ஆடமாட்டான். இருபது நகர்த்தல் மனப்பாடமாக வைத்திருக்கிறான், ஆனால் ஒவ்வொரு நகர்த்தலும் எதற்கு என்று கேட்டால் விழிக்கிறான். அவனுக்குச் சொன்னதை இங்கும் சொல்லிவிடுகிறேன்.

முக்கியமான கிளையில் கறுப்பு ஈ5 ஆடும், வெள்ளை டி5 என்று தள்ளி நடுவை மூடிவிடும். நடு மூடியதும் இரண்டு பேருக்கும் வேலை பலகையின் எதிரெதிர் ஓரங்களில். ஒருவருடைய சிப்பாய்ச் சங்கிலி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் அவர் போக வேண்டும். வெள்ளையின் சங்கிலி ராணியின் பக்கம் நீட்டி நிற்கிறது. ஆகவே பி4, பிறகு சி5. சி வரிசையைத் திறந்து யானையை அங்கே நிறுத்தி, டி6 சிப்பாயைக் குடைந்து, சி7 வழியாக உள்ளே போவது வெள்ளையின் திட்டம். கறுப்பு எஃப்6 குதிரையை ஒதுக்கி எஃப்5 தள்ளும், பிறகு எஃப்4, ஜி5, ஜி4. யானை எஃப்7-க்கு ஏறி ஜி வரிசைக்கு வரும். ஜி7 மந்திரி தன் சிப்பாயாலேயே அடைபட்டு நிற்பதால் எஃப்8-க்குப் பின்வாங்கி டி6-க்குக் காவலாகும். இலக்கு வெள்ளை ராஜா.

இது ஓட்டப் பந்தயம். ஆனால் இரண்டு பேரின் பரிசும் சமமில்லை. வெள்ளை முந்தினால் ஒரு சிப்பாய் கிடைக்கும், கறுப்பு முந்தினால் ராஜாவே கிடைக்கும். அதனால்தான் வெள்ளை ஓடுவதோடு நிற்காமல் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1953-ல் மார் டெல் பிளாட்டாவில் நய்டோர்ஃபுக்கு எதிராகக் கிளிகோரிச் கறுப்பில் ஜெயித்த ஆட்டத்தைப் பார்த்தால் புரியும், அந்தக் கிளைக்கு அந்த ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. இதில் கறுப்பின் சி8 மந்திரி நகராமல் இருப்பதுபோலத் தெரியும். அதை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. கடைசியில் ஹெச்3 சிப்பாயை வெட்டி ராஜாவின் கூரையைப் பிரிப்பது அதுதான். வெள்ளைக்கு அந்த மந்திரியை ஒரு குதிரைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மகேஷ் சந்திரரின் ஆட்டத்திலும் ராணியை எடுத்தது அதே மந்திரிதான் என்று பையனுக்குக் காட்டினேன், இரண்டாம் தடவை போடச் சொன்னான்.

வெள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு. எஃப்3 வைத்து ராணியின் பக்கம் கோட்டை கட்டி, ஹெச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு கறுப்பு ராஜா மேலேயே பாயலாம். சேமிஷ் பெயரில் இருப்பது அது. சீக்கிரமே பி4 தள்ளும் முறையைக் கிராம்னிக் கூர்மைப்படுத்தியபோது காஸ்பரோவே 1990-களின் பிற்பகுதியில் இந்தத் தொடக்கத்தை ஒதுக்கி வைத்தார். இன்றைய கணினிகள் வெள்ளைக்குச் சாதகம் என்று கணக்குக் காட்டுகின்றன. மனிதர்கள் ஆடும்போது அந்தக் கணக்கு அப்படியே நிற்பதில்லை.

மகேஷ் சந்திரருக்குத் திரும்புவோம். 1855-ல் காக்ரேனோடு இன்னோர் ஆட்டம். குதிரை, ஜி6 எல்லாம் வழக்கம்போல. மூன்றாவது நகர்த்தலில் டி6-க்குப் பதில் டி5. வெள்ளை வெட்டட்டும், குதிரையால் திருப்பி எடுத்து, அந்தக் குதிரையையும் மாற்றிக்கொண்டு, வெள்ளையின் நடுச் சிப்பாய்களைச் சி5 தள்ளியும் தூரத்து மந்திரியாலும் குறி வைப்பது. தொடக்கம் அருமையாக வந்தது. ஆட்டம் தோல்வி. காக்ரேன் ராணியைக் கொடுத்து, கறுப்பு ராஜா தன் காய்களுக்கு நடுவிலேயே மூச்சு முட்டி நிற்க, குதிரையால் மாட் வைத்தார். அறுபத்தேழு வருஷம் கழித்து, 1922-ல், வியன்னாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அதே தொடக்கத்தைப் பெரிய போட்டிகளில் ஆடினார், அலெகைனையே அதில் தோற்கடித்தார். அது குரூன்ஃபெல்ட் தற்காப்பு ஆனது.

பெயர்களைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். காக்ரேன் கேம்பிட். குரூன்ஃபெல்ட். நிம்சோவிச்சின் நிம்சோ இந்தியன். போகோல்யுபோவின் போகோ இந்தியன். ஐரோப்பியர்களுக்கு அவரவர் பெயர். மகேஷ் சந்திரருக்கு மட்டும் அவர் நாட்டின் பெயர். எனக்கு இதில் கோபம் என்று சொல்ல முடியாது, ஆனால் உறுத்துகிறது. காக்ரேனைக் குறை சொல்லவும் முடியவில்லை. தோற்ற ஆட்டத்தையும் ஜெயித்த ஆட்டத்தையும் எழுதி வைத்து லண்டனுக்கு அனுப்பியிருக்காவிட்டால் நமக்கு இந்தப் பெயரும் கிடைத்திருக்காது. 1869-ல் அவர் இங்கிலாந்து திரும்பினார், 1878-ல் இறந்தார். ஆளும் இனத்து வக்கீல் ஒருவர், மொஃபசிலில் இருந்து வந்த பிராமணரோடு ஒரே மேஜையில் இத்தனை வருஷம், 1857-க்கு முன்னும் பின்னும், உட்கார்ந்து ஆடினார் என்பது அந்தக் காலக் கல்கத்தாவில் சின்ன விஷயமில்லை.

மற்றவர்கள் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். 1934-ல் பிரிட்டிஷ் செஸ் வரலாறு எழுதிய சார்ஜன்ட், ஓரத்தில் மந்திரி வைக்கும் இந்த முறைகளை ஐரோப்பா பெரும்பாலும் மகேஷ் சந்திரரிடமும் மற்ற இந்தியர்களிடமும்தான் கற்றது என்று பதிவு செய்தார். அப்போது அவர் கண்முன்னால் இன்னோர் இந்தியர் இருந்தார். நாட்டு விதிகளில் வளர்ந்து பஞ்சாபிலிருந்து வந்த மீர் சுல்தான் கான், 1929, 1932, 1933 மூன்று வருஷமும் பிரிட்டிஷ் சாம்பியன். காபாபிளாங்காவை ஜெயித்தவர். 1966-ல் இறந்துபோன அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-ல்தான் கிடைத்தது. அவருக்கும் ஜி6, பி6 என்று ஓரத்தில் மந்திரி வைப்பது பிரியம்.