பாறையைப் படித்த பெண்

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூரில், 1799ஆம் ஆண்டு ஏழைத் தச்சர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் மேரி ஆனிங். கரையோரப் பாறைகளில் புதைபடிவங்களைத் தேடி எடுத்து விற்கத் தந்தையே அவருக்குக் கற்பித்தார். 1810இல் அவர் கடனை விட்டு மறைந்தபின், அத்தொழிலே குடும்பத்தைக் காத்தது.

குளிர்காலப் புயலில் குன்றுகள் சரியும்போது புதிய படிவங்கள் வெளிப்படும். அலைகள் அவற்றை அடித்துச் செல்லுமுன் எடுத்தாக வேண்டும். 1833இல் நேர்ந்த சரிவில் மேரி நூலிழையில் உயிர் தப்பினார். உடன் சென்ற வளர்ப்பு நாய் மாண்டது.

படிவம் சேகரிப்பதில் பேரார்வம் கொண்ட எலிசபெத் பில்பாட், வயதிலும் வசதியிலும் மேரியினும் மிக்கவர். ஆயினும் இருவரும் தோழியராய்க் கரையில் தேடினர். நிலவியல் நூல்களைப் பயிலுமாறு மேரியை ஊக்குவித்தவரும் அவரே.

1823இல் நீள்கழுத்துடைய பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் முழு எலும்புக்கூட்டை மேரி கண்டெடுத்தார். அது போலியோ என ஐயுற்ற பிரெஞ்சு அறிஞர் குவியே, பின்னர் உண்மையென ஏற்றார். ஆனால், மறு ஆண்டு இலண்டன் நிலவியல் கழகத்தில் அது விளக்கப்பட்டபோது மேரியின் பெயர் குறிப்பிடப்படவில்லை. பெண்களுக்கு அக்கழகத்தில் உறுப்பினராகும் உரிமையும் இல்லை.

1847இல் மேரி புற்றுநோயால் மறைந்தார். இளமையில் அவருடன் கரையில் படிவம் தேடிய ஹென்றி டி லா பெஷ் அப்போது அக்கழகத்தின் தலைவர். அவர் எழுதிய இரங்கலுரையின் வழியே, உயிருடன் இருந்தபோது மேரியைச் சேர்த்துக்கொள்ளாத மன்றத்தில் அவர்தம் பெயர் ஒலித்தது.